கோவிந்தராஜு வீட்டுத் தபால்தலை மூட்டை

நவம்பர் 3, ஞாயிறு

இந்த நாட்குறிப்பை இன்று நான் தொடங்குவதற்கு ஒரே காரணம் சாந்தாமணி டீச்சர். பின்னால் தகராறு என்று வந்தால் ஆதாரம் வேண்டும். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவன் நான். எழுதி வைக்காத எதையும் இந்த மருதாசலம் நம்பமாட்டான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நடந்தது இது. கோவை ரேஸ்கோர்ஸ் கோவிந்தராஜு போன வருஷம் ஆடியில் காலமானார். எங்கள் தபால்தலைச் சங்கத்தில் அவரளவு சேர்த்தவர் யாரும் கிடையாது. வீட்டைக் காலி செய்ய வெளிநாட்டிலிருந்து வந்த மகன், நல்ல ஆல்பங்களை முன்பே யாருக்கோ கொடுத்துவிட்டான். மிச்சம் கிடந்தது ஒரு கோணி மூட்டை. உள்ளே உறைகளிலிருந்து கத்தரித்து எடுத்த பழைய தபால்தலைகள், பின்னால் காகிதம் ஒட்டியபடியே, எந்த நாடு எது என்று பிரிக்காமல், கழுத்து வரை.

"மூட்டையோட எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க அங்கிள். பாதி, கால்வாசியெல்லாம் வேண்டாம். இல்லீன்னா பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுருவேன்" என்றான்.

"எனக்கு" என்றேன் நான். "எனக்குங்க" என்றது பக்கத்தில் ஒரு குரல். சாந்தாமணி டீச்சர். எனக்கு முன்னாலேயே வந்து வராந்தாவில் நின்றிருக்கிறார்! பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று சங்கத்தில் யாரோ கேட்டதற்கு "நேரமில்லீங்க" என்றாராம். ஒருமுறை எல்லோர் முன்னாலும் என் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க மாஸ்டர், ஒரே ராஜாக்கள் தலையா இருக்குது, சலூன் கடை செவுராட்ட" என்றவர். அவர் ஆல்பம் மட்டும் என்னவாம்? வண்டலூர் பூங்கா.

வேறு வழியில்லாமல் கூட்டாக வாங்கினோம். ஒப்பந்தம்: முதலில் எல்லாவற்றையும் ஊறவைத்து, காகிதம் உரித்து, காயவைத்து, நாடுவாரியாகப் பெட்டிகளில் போடுவது. எல்லாம் முடிந்தபிறகு பங்கு. மனிதத் தலை இருந்தால் எனக்கு. நாலு கால், இறக்கை, மரம், மலை இருந்தால் அவருக்கு. இரண்டிலும் சேராதது ஆளுக்கொன்றாக மாற்றி மாற்றி. என் வீட்டில் பெரிய மேஜை இருப்பதால் வேலை இங்கே. காலையில் வருவார், மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்விடுவார். அதற்கு மேல் என்னாலும் தாங்க முடியாது.

நவம்பர் 5, செவ்வாய்

முதல் நாள். கண்ணாடிக் கூட்டுக்குள் சொந்தமாக ஒரு இடுக்கி கொண்டுவந்திருந்தார். என் இடுக்கியைப் பார்த்து, "இதுல வடை எடுக்கலாமுங்க" என்றார்.

என் முழங்கால் மடங்காது என்பதால், மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுப்பது அவர் வேலை. பேசினில் ஊறவைத்து உரிப்பது என் வேலை. செய்தித்தாளில் கவிழ்த்துக் காயவைத்து, பழைய டெலிபோன் டைரக்டரிக்குள் வைத்து அழுத்தி, தாம்பாளத்தில் கொட்டி, இருவரும் உட்கார்ந்து நாடு பார்க்க வேண்டும்.

"சிவப்பு உறை மட்டும் தனியா வைங்க மாஸ்டர். தண்ணில சாயம் விட்டுரும். பேசின்ல இருக்கறது பூராவும் ரோஸ் கலராப் போயிரும்."

எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் பஞ்சோடும் சாயத்தோடும் புரண்டவன். காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தண்ணி நெம்ப நல்லா இருக்குதுங்க" என்றார்.

இதையும் ஆதாரமாக எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 8, வெள்ளி

வேலை சூடு பிடித்துவிட்டது. கோவிந்தராஜு எந்த நாட்டையும் விட்டுவைக்கவில்லை. 'மாக்யார்' என்றால் ஹங்கேரி. 'சுவோமி' என்றால் பின்லாந்து. 'ஹெல்வெட்டியா' என்றால் சுவிட்சர்லாந்து. பெயரே போடாமல் ராணி தலை மட்டும் இருந்தால் இங்கிலாந்து. "எங்களைத் தெரியாதவங்க யாருன்னு ஒரு மிதப்பு" என்றார் டீச்சர். அது சரியான பேச்சுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துவரவில்லை. தபால் முத்திரை விழுந்து படம் கெட்டுப்போன தபால்தலைகளை நான் ஒதுக்கினேன். டீச்சர் அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தார்.

"படத்தைப் பார்க்காதீங்க மாஸ்டர். முத்திரையைப் பாருங்க. எந்த ஊரு, எந்தத் தேதின்னு அதுலதானுங்க இருக்குது. படம் அச்சாபீஸ்ல அடிச்சது. முத்திரைதான் அது போன வழி."

"எனக்கு முத்திரைன்னா அழுக்குங்க."

"உங்களுக்குக் கண்ணு இருந்தும் பிரயோஜனமில்லீங்க."

பூகோள டீச்சர்களிடம் படித்த பிள்ளைகள் பாவம்.

நவம்பர் 12, செவ்வாய்

எதிர்பார்த்த தகராறு வந்தேவிட்டது. பழைய இலங்கைத் தபால்தலை ஒன்று. ஓரத்தில் ராஜா தலை. நடுவில் யானைக் கூட்டம்.

"ராஜா இருக்கறாரு. எனக்கு" என்றேன்.

"யானை இருக்குது. உங்க ராஜாவை விட நெம்பப் பெருசு" என்றார்.

காலை முழுவதும் இதே பேச்சு. வேறு வேலை ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அதைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, எல்லாப் பங்கும் முடிந்தபிறகு தீர்ப்பு என்று ஒத்தி வைத்தோம். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "யானை" என்றார். நான் "ராஜா" என்று கத்தினேன். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

நவம்பர் 15, வெள்ளி

மழை. டீச்சர் வரவில்லை. வேலை கெட்டது. வேறொன்றுமில்லை.

நவம்பர் 16, சனி

வந்தார். நான் காலையிலிருந்து வாசலில் நின்றது மழை நின்றுவிட்டதா என்று பார்க்க. பிறகு பால்காரருக்காக.

பால்காரர் நான் எழுவதற்கு முன்பே வந்து போய்விடுவார் என்பதை டீச்சர் அறியமாட்டார்.

நவம்பர் 20, புதன்

இன்று ஒரு தகவல். டீச்சர் கவுண்டம்பாளையத்தில் குடியிருக்கும் வீட்டை உரிமையாளர் இடித்துக் கட்டப்போகிறாராம். சேலத்தில் இருக்கும் தங்கை மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வைத்துக்கொண்டு, வந்துவிடு வந்துவிடு என்கிறாளாம்.

"பொங்கல் கழிஞ்சதும் கிளம்பறனுங்க மாஸ்டர். அதுக்குள்ள நம்ம வேலையை முடிச்சுப் பங்கையும் பிரிச்சுக்கோணும்" என்றார்.

"அதுக்கென்னங்க, முடிச்சுரலாம்" என்றேன்.

"நாம போற வேகத்துக்கு மார்கழிக்கு முன்னாலயே முடிஞ்சுரும் போல இருக்குதுங்க."

"நல்லதுதானுங்களே."

நல்லதுதான். எனக்கு என்ன? என் மேஜை எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

மத்தியானம் சாதம் குழைந்துவிட்டது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

ஒரு விபத்து.

அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான், இன்னும் என்னென்னவோ, எல்லாம் நாடு பார்த்துக் குவியல் குவியலாக மேஜையில் இருந்தன. பெட்டிகளில் போடவேண்டியதுதான் பாக்கி. டீச்சர் சால்வையைப் போர்த்திக்கொண்டு லென்ஸில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் புழுக்கமாக இருந்தது. பழக்கதோஷத்தில் கை போய் மின்விசிறி சுவிட்சைத் தட்டிவிட்டது. அதுவும் ஐந்தில் வைத்து.

உலகம் முழுவதும் கூடத்தில் பறந்தது. ஜப்பான் சோபாவுக்கு அடியில். ஜெர்மனி பூஜை அலமாரியில். மூன்று வாரத்து உழைப்பு.

டீச்சர்  சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். நான் "அடடா, அடடா" என்றேன். எனக்கு வருத்தம்தான். இனி மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். டிசம்பர் முழுக்க இழுக்கும் போலிருக்கிறது. என்ன செய்வது?

சாயங்காலம் கடைவீதிப் பக்கம் போனேன். சும்மா மைசூர்பாகு வாங்கினேன்.

நவம்பர் 27, புதன்

இருவரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். மடங்காத என் முழங்கால் இன்று மடங்கியது. உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல், டீச்சர் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. தூக்கும்போது இருவரும் சிரித்ததில் மறுபடி உட்கார்ந்துவிட்டோம். மைசூர்பாகு நன்றாக இருந்ததாகச் சொன்னார். காப்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

ஓசூரிலிருந்து என் மகள் கோகிலா போன் செய்தாள்.

"ஏனுங்ப்பா, போன் எடுத்ததுல இருந்து டீச்சர் டீச்சர்னு அவங்க பேச்சாவே இருக்குதுங்க."

"குத்தம் சொல்லிட்டிருக்கறேன் சாமி."

"குத்தந்தான் சொல்றீங்க. சிரிச்சுட்டே சொல்றீங்க."

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் ஒழுங்காகக் காதில் வாங்கத் தெரியவில்லை.

டிசம்பர் 4, புதன்

ஹங்கேரிப் பெட்டியில் எனக்குச் சில சந்தேகங்கள். அதில் இருப்பதெல்லாம் ஹங்கேரிதானா? மில்லில் ஒரு முறை பார்த்த நூலை மறுபடி ஒரு முறை பார்ப்போம். அதனால்தான் எங்கள் நூலுக்குப் பெயர் இருந்தது. டீச்சர் கைகழுவப் போயிருந்தபோது பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, தாம்பாளத்தில் கலந்து வைத்தேன். மறு சோதனை. அவ்வளவுதான்.

அவரிடம் சொல்லவில்லை. சோதனை என்றால் சொல்லாமல்தான் செய்ய வேண்டும்.

டிசம்பர் 6, வெள்ளி

மறு சோதனை: பின்லாந்து, சுவிட்சர்லாந்து, ஹங்கேரி மீண்டும்.

டிசம்பர் 10, செவ்வாய்

நம்பமுடியாத ஒன்று நடந்தது. பேசினில் தண்ணீர் முழுக்க ரோஸ் நிறம். டீச்சர் அள்ளிப் போட்டதில் ஒரு பெரிய சிவப்பு உறைத் துண்டு இருந்திருக்கிறது! அன்று எனக்குப் பாடம் நடத்தியவர்!

"அய்யய்யோ, கவனிக்காமப் போட்டுட்டனுங்க மாஸ்டர்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அவ்வளவாகப் பதறவில்லை. "எல்லாத்தையும் திரும்ப ரெண்டு மூணு தண்ணில அலசோணும். ஒரு வாரம் கூட ஆகும் போல."

"பரவாயில்லீங்க, யாருக்கும் வர்றதுதான்" என்றேன். இவ்வளவு பெருந்தன்மையாக நான் பேசி எனக்கே ஞாபகமில்லை.

ஆனால் மூட்டையின் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். வேலை வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். டீச்சர் பொரி உருண்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரண்டு அகல் விளக்கை வாசலில் ஏற்றிவிட்டுப் போனார். என் மனைவி சுலோசனா போன ஆறு வருஷமாக இந்த வாசலில் விளக்கு வைத்ததில்லை. எண்ணெய் தீரும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

ஓர் அதிசயம். மூட்டை குறையவே இல்லை. போன வாரம் அடி தெரிகிறது என்று எழுதியிருக்கிறேன். இன்று எட்டிப் பார்த்தால் கால்வாசி இருக்கிறது. மூட்டை அமுங்கிக் கிடந்து இப்போது நிமிர்ந்திருக்கும். பஞ்சு அப்படித்தான் செய்யும்.

கோவிந்தராஜு மனிதரே இல்லை, அவர் ஒரு தபால் ஆபீஸ். வாழ்க.

டிசம்பர் 24, செவ்வாய்

டீச்சர் இப்போதெல்லாம் பெரிய துணிப்பையோடு வருகிறார்.

"என்னங்க டீச்சர், பையில?"

"குடையுங்க."

வெயில் கொளுத்துகிறது. போகும்போது பை மடித்துக் கக்கத்தில் இருந்தது. குடையை எங்கே விட்டார் என்று வீடு முழுக்கத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. நாளை சொல்ல வேண்டும்.

மறு சோதனை: ஹங்கேரி, நார்வே. ஒவ்வொரு முறையும் நான் கலக்கும் ரயில் எஞ்சின் போட்ட ஹங்கேரித் தபால்தலையை டீச்சர் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு "ஹங்கேரி" என்றார், ஏதோ முதல்முறை பார்ப்பதுபோல.

ஜனவரி 2, வியாழன்

புது வருஷம். சாதாரண நாள். தாம்பாளத்தில் ஒரு இந்தியத் தபால்தலை. மயில் படம். புதுசு, எங்கும் கிடைப்பது. இந்தியப் பெட்டியில் போட்டேன். மயில் என்றால் டீச்சர் பங்கு. ஆனால் கையை நீட்டவே இல்லை. உடம்புக்கு முடியவில்லையோ?

ஜனவரி 4, சனி

தாம்பாளத்தில் அதே மயில். பெட்டியில் போட்டேனே? வயதாகிறது. மறுபடி போட்டேன்.

மூட்டை இப்போது நிஜமாகவே குறைகிறது. டீச்சர் பையும் கொண்டுவருவதில்லை. அதிகம் பேசவும் இல்லை.

ஜனவரி 7, செவ்வாய்

மறுபடியும் மயில்! எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு தரம் பிரிச்சதைத் திரும்பத் திரும்ப யாருங்க தாம்பாளத்துல போடறது?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது என்று வாயை விட்டு வந்தபிறகுதான் தோன்றியது.

டீச்சர் லென்ஸை இறக்கினார். "நல்லாப் பார்த்தீங்களா மாஸ்டர்?"

"பார்த்தனுங்க. மயில்."

"மயிலேதானுங்களா?"

"மயிலேதானுங்க. தோகை, கால், எல்லாம் இருக்குது."

"செரிங்க" என்று எழுந்துவிட்டார். தலைவலி என்று நேரத்திலேயே கிளம்பிவிட்டார். மயிலைப் பார்த்து யாருக்காவது தலைவலி வருமா?

ஜனவரி 9, வியாழன்

மூட்டை காலி. டீச்சர் அதைத் தலைகீழாக உதறிக் காட்டினார். கொஞ்சம் தூசியும் ஒரு நூல் துண்டும் விழுந்தன.

"முடிஞ்சுதுங்க மாஸ்டர். ஞாயித்துக்கிழமை பங்கு பிரிச்சுரலாம். பொங்கல் கழிச்சு வெள்ளிக்கிழமைக்கு டெம்போ சொல்லிட்டனுங்க."

"செரிங்க" என்றேன்.

அவர் கோணியை நாலாக மடித்து மேஜைமேல் வைத்தார்.  காப்பி போடட்டுமா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

கோகிலா போன் செய்தாள். பொங்கலுக்கு வருகிறாளாம். பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று, "எப்பங்ப்பா அவங்க சேலம் போறாங்க?" என்றாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை சாமி."

"நீங்க ஒண்ணும் சொல்லலீங்களா?"

"என்னத்தைச் சொல்றது?"

"அம்மா போயி ஆறு வருசமாச்சுங்ப்பா. எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. ஆனா நீங்க வாயைத் தொறந்து சொன்னாத்தானுங்க ஆகும். நீங்க பார்க்கற பார்வையை வெச்சு அவங்களே கண்டுபிடிக்கறதுக்கு அது என்ன ஸ்டாம்பா?"

இது ஆதாரத்துக்காக எழுதும் நாட்குறிப்பு. ஆனாலும் எழுதிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்டு, அவர் சிரித்துவிட்டால்? சங்கத்தில் என் ஆல்பத்தைப் பார்த்துச் சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்கமாட்டேன். மறு சோதனை என்று நான் எழுதியதெல்லாம் பொய். அந்த மின்விசிறியும்தான். அவர் இன்னும் கொஞ்ச நாள் வரட்டும் என்றுதான் அத்தனையும் செய்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பங்கு நாள்.

மேஜை முழுக்கப் பெட்டிகள். என்றைக்கும் இல்லாத மரியாதையோடு ஆரம்பித்தோம்.

"இந்த ராணி உங்களுதுங்க மாஸ்டர்."

"குதிரை இருக்குதுங்களே. நீங்களே வெச்சுக்குங்க."

"இல்லீங்க, குதிரை மேல ராணி உக்காந்திருக்கறாங்க. உங்களுக்குத்தான்."

ஒரு சண்டை கிடையாது.  இப்படி விட்டுக்கொடுத்துக்கொண்டு போனால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

முடிந்தும் விட்டது. கடைசியாக இந்தியப் பெட்டி. மேலேயே அந்த மயில். இடுக்கியால் எடுத்து நீட்டினேன்.

"மயிலுங்க. உங்க பங்கு."

டீச்சர் வாங்கவில்லை. தன் லென்ஸை என் பக்கம் நகர்த்தினார். "வெச்சுப் பாருங்க."

"மயிலுக்கு எதுக்குங்க லென்ஸு?"

"மயிலை யாருங்க பார்க்கச் சொன்னா?"

பார்த்தேன். மயிலின் தோகைமேல் கறுப்பாக முத்திரை. சேலம். தேதி, போன டிசம்பர் கடைசி வாரம்.

எனக்கு விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. "டீச்சர், கோவிந்தராஜு போயி ஒண்ணரை வருசம் ஆச்சுங்களே."

"ஆமாங்க."

"இது போன மாசம் விழுந்த முத்திரைங்க."

"ஆமாங்க. என் தங்கச்சி போட்ட புத்தாண்டு வாழ்த்து. எனக்காக அவ இன்னும் ஸ்டாம்பு ஒட்டித்தான் அனுப்பறா."

"அது எப்படிங்க இந்த மூட்டைக்குள்ள வந்துச்சு?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கோவிந்தராஜு மூட்டை கார்த்திகை தீபத்தோட காலியாப் போச்சுங்க மாஸ்டர். பொறவு நீங்க ஊறவெச்சு உரிச்சது பூராவும் என் வீட்டு ஸ்டாம்பு. வருசக்கணக்காச் சேர்த்து வெச்ச டூப்ளிகேட்டு. நீங்க காப்பி போடப் போறப்பல்லாம் பையில இருந்து மூட்டைல கொட்டினனுங்க."

குடை. நான் பீரோவுக்கு அடியில்கூடத் தேடிய குடை.

"அதுவும் தீந்து போச்சுங்க. போடறதுக்கு ஒண்ணுமில்ல. நீங்களே கண்டுபிடிக்கட்டும்னுதான் இந்த மயிலைப் போட்டேன். ஒரு தடவை இல்லீங்க, மூணு தடவை. முத்திரையைப் பாருங்க, முத்திரையைப் பாருங்கன்னு முதல் வாரத்துலருந்து தலைப்பாடா அடிச்சுட்டிருக்கறேன். நீங்க தோகை இருக்குது, கால் இருக்குதுன்னா நான் என்னங்க பண்ணட்டும்?"

"அப்ப அந்தச் சிவப்பு உறை…"

"தேடி எடுத்துப் போட்டனுங்க. நீங்க மட்டும் என்னவாம்? நான் சால்வை போத்திட்டு உக்காந்திருக்கறேன், நீங்க ஃபேனை அஞ்சுல போடறீங்க. அந்த ஹங்கேரி ரயில் எஞ்சினை எத்தனை தடவை கண்டுபிடிச்சிருக்கறேன், தெரியுமுங்களா? இனி கனவுல வந்தாலும் ஹங்கேரின்னு சொல்லுவேன்."

இவ்வளவு சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அவர் கண்ணிலும் அதே பயம்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் என் பயம் போய்விட்டது.

"சேலத்துக்குப் போகாதீங்க டீச்சர்" என்றேன். "நீங்க வராத அன்னைக்கு இந்த வீட்டுல எனக்கு ஒண்ணுமே இல்லீங்க. நீங்க இங்கேயே இருக்கோணும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குது. குத்தம் சொல்றதும் பிடிச்சிருக்குது."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார்.

"இந்தச் சொல்லைச் சொல்றதுக்கு உங்களுக்கு ரெண்டு மூட்டை ஸ்டாம்பு வேண்டியிருந்துதாக்கும்" என்றார். பிறகு, "போனைக் குடுங்க. டெம்போக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லோணும்."

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

கோகிலா நேற்றே வந்துவிட்டாள். டீச்சரும் அவளும் சமையலறையில் பேசுவதைப் பார்த்தால், பிறந்ததிலிருந்து தெரிந்தவர்கள் மாதிரி இருக்கிறது. என்னைப் பற்றித்தான் பேச்சு. இடையிடையே சிரிப்பு. சேலத்துத் தங்கையிடமும் பேசியாகிவிட்டது. தை மாதத்திலேயே ரிஜிஸ்டர் ஆபீஸில் ஒரு நாள் பார்க்கலாம் என்று கோகிலாதான் முடிவு செய்தாள். எங்கள் இருவரையும் விட்டால் அதற்கும் பல மாதம் ஆகும் என்கிறாள்.

பங்கு விஷயம் ஊற்றிக்கொண்டது. கோவிந்தராஜு எது, டீச்சர் எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பெட்டிகளிலேயே விட்டுவிட்டோம். இலங்கை யானையைப் பெரிய ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டினோம். கீழே என்ன எழுதுவது என்று காலையில் ஒரு நல்ல சண்டை நடந்தது. இன்னும் முடியவில்லை.

இந்த நாட்குறிப்பை மேஜைமேல் வைத்தது என் தவறு. நான் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் டீச்சர் முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறார். படித்ததோடு விடவில்லை. சிவப்புப் பேனாவால் திருத்தியும் வைத்திருக்கிறார். மறு சோதனை என்று வரும் இடமெல்லாம் பெருக்கல் குறி. பால்காரருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி. தீபத்தன்று எழுதியதற்கு மட்டும் பக்கத்தில் ஒரு சின்ன 'சரி' போட்டிருக்கிறார். காப்பியைப் பற்றி எழுதிய இடத்தில் ஓரமாக, 'உண்மை. இன்றுவரை மாற்றமில்லை.'

தண்ணீர் பட்டால் சிவப்புச் சாயம் ஓடிவிடும் என்று சொன்னவரே அவர்தான். ஓடட்டும் என்று விட நான் தயாரில்லை. நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவில் மேல்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டேன்.